மதுரை வீரன் யார் வீட்டுப் பிள்ளை?

நேயர்களுக்கு வணக்கம். டர்பன் பக்கத்து அம்மன் கோவில்கள் பலவற்றில் மதுரை வீரனைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு மீசை, கையில் ஆயுதம். நான் பார்த்த படையல்களில் சுருட்டும் சாராயமும் இல்லாமல் இருந்ததில்லை. இன்று அவர் கதையைத்தான் பேசப் போகிறேன்.

கதைப்பாடல் சொல்வது இது. காசி ராஜாவுக்குக் கொடி சுற்றிப் பிள்ளை பிறக்கிறது. நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொல்ல, குழந்தையைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அருந்ததியர் குலத்துச் சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். பாளையக்காரர் பொம்மண நாயக்கரின் மகள் பொம்மி வயதுக்கு வருகிறாள். ஊருக்கு வெளியே குடிசை கட்டி உட்கார வைக்கிறார்கள். ராத்திரிக் காவல் சின்னானுடையது. அன்றைக்கென்று அடைமழை. "நீங்க இருங்கப்பா, நான் போறேன்" என்று மகன் கிளம்புகிறான். அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? பொம்மியோடு ஓட்டம், துரத்தி வந்த நாயக்கர் படையோடு சண்டை.

அதன்பின் வீரன் திருச்சியில் விசயரங்க சொக்கநாதரிடம் சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்குத் திருமலை நாயக்கரிடம் போகிறான். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. சொக்கநாதர் பட்டத்துக்கு வந்ததோ 1706-இல்! பாட்டுக்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மதுரையில் வெள்ளையம்மாள் மேல் காதல், வீண்பழி, ஒரு பக்கத்துக் காலையும் மறு பக்கத்துக் கையையும் வெட்டும் மாறுகால் மாறுகைத் தண்டனை. இன்றும் மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்தருகே வீரனுக்குச் சன்னிதி இருக்கிறது.

1956-இல் இது படமாக வந்தது. எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள். வளர்த்த தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும், அவர்கள் வரும் இடமெல்லாம் படத்துக்கு உயிர். ஆனாலும் காசி அரண்மனைப் பிறப்பைப் படம் விடவில்லை.

அந்தப் பிறப்பு, கதை வளர்ந்தபோது பின்னால் ஒட்டவைத்தது என்று நாட்டார் கதைகளை ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தாழ்ந்த குலத்தவன் பாளையக்காரர் மகளைக் கட்டினான் என்று பாடப் பயந்தவர் யாரோ செய்த வேலை.

நம் முன்னோர் 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கத் தொடங்கியபோது தெருக்கூத்தும் அவர்களோடு நேட்டாலுக்கு வந்தது. கரும்பு வெட்டிய கையோடு விடிய விடிய ஆடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு அரண்மனைப் பிள்ளை எதற்கு?

இனி யாராவது இதைத் தொடராகவோ நாவலாகவோ எடுத்தால், காசி செட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். சின்னான் பெற்ற பிள்ளை என்றே வையுங்கள். ராஜா மகன் என்றால் பொம்மண நாயக்கர் படை திரட்டியது வெறும் ஆள்மாறாட்டக் குழப்பமாகிப் போகும். சின்னான் மகன் என்றால்தான் அவர் எதற்காக அப்படிக் கொதித்தார் என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.