முதுமையில் மூளையைக் காப்பது மனித உறவே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"முதுமையில் மூளையைப் பெரிதும் காப்பது மருத்துவமா, மனித உறவா?" என்பது இன்றைய கேள்வி. மனித உறவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஐயா மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். டிமென்ஷியா என்னும் மறதிநோய் மூளையில் கெட்ட புரதம் படிவதால் வருகிறது, பக்கத்தில் ஆள் இருப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றார். நோய் தொடங்கியதால்தான் பெரியவர்கள் ஒதுங்குகிறார்கள், ஒதுங்கியதால் நோய் வரவில்லை என்றார். கடைசியாக, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணிகளில், சமூகத் தனிமையைப் போக்கினால் தவிர்க்கக்கூடியது வெறும் 5 சதவீத நோய்தான் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார்.

இரண்டாவது வாதம்தான் கனமானது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்து ஆய்வாளர்கள் 823 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வெறுமையாக உணர்கிறீர்களா, கைவிடப்பட்டது போல் தோன்றுகிறதா என்ற வகையில் அவர்களிடம் கேட்டார்கள். தனிமையில் மிகவும் வாடியவர்களுக்கு, தனிமையே அறியாதவர்களைவிட, டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. "பார்த்தீர்களா, நோய் உள்ளே தொடங்கியிருக்கும், அதனால்தான் வாடினார்கள்" என்று எதிரணி சொல்லும். அந்த ஆய்வாளர்களும் அதே சந்தேகத்தோடுதான் அடுத்த அடியை வைத்தார்கள். ஆய்வில் இருந்து இறந்துபோனவர்களின் மூளையைத் திறந்து பார்த்தார்கள். நோய்தான் தனிமையைக் கொண்டுவந்தது என்றால், வாடியவர்களின் மூளையில் புரதப் படிவும் புரத இழைகளின் சிக்கலும் அதிகமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை, நடுவர் அவர்களே. படிவின் அளவுக்கும் தனிமைக்கும் தொடர்பே தென்படவில்லை. ரத்தக்குழாய் அடைப்பால் மூளையில் ஏற்பட்ட சேதத்தோடும் தொடர்பில்லை. அதாவது தனிமை வேறொரு வழியாக வந்து மூளையைத் தாக்குகிறது.

ஒரே ஊரின் ஒரே ஆய்வை வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளை அலசினார்கள். தனிமையுணர்வு டிமென்ஷியா ஆபத்தை 31 சதவீதம் கூட்டுகிறது என்று கண்டார்கள். மனச்சோர்வையும் மற்ற உடல்நலக் காரணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் ஆபத்து மறைந்துவிடவில்லை.

தனிமை மூளையைத் தாக்கும் அந்த வழி என்ன என்று கேட்பீர்கள். நம்மிடம் ஒருவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார். அந்தக் குரல் யாருடையது என்று மூளை கண்டுபிடிக்க வேண்டும். அவர் முகத்தில் இருப்பது அக்கறையா, அவசரமா என்று படிக்க வேண்டும். போன தடவை அவரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் தேட வேண்டும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். சொல்லைத் தேடி, வரிசையாகக் கோத்து, வாயைத் திறக்க வேண்டும். உலகத்தின் வெவ்வேறு மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூளை பதிலைத் தயார் செய்துவிடுகிறது. எந்தக் குறுக்கெழுத்துப் புதிரும் மூளையை இப்படி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வேலை வாங்காது. தொலைக்காட்சி நாள் முழுக்கப் பேசும், ஆனால் நம்மிடம் பதில் கேட்காது.

பேச ஆளில்லாதவருக்கு இந்தப் பயிற்சி நின்றுபோகிறது. அதோடு போனால் பரவாயில்லை. தனிமையை ஆராய்வதற்கே தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜான் கசியோப்போ. தனிமையில் இருக்கும் மூளை எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக் காவல் காக்கிறது என்று காட்டியவர் அவர். இரவிலும் அந்தக் காவல் ஓய்வதில்லை. தூக்கம் துண்டுதுண்டாக உடைகிறது. பகலில் கற்றதும் கேட்டதும் நினைவாக உறைவது தூக்கத்தில்தானே? மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் ஹார்மோன் உயர்ந்தே நிற்கிறது. புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு அது ஆகாது. உறவுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்களே ஐயா, இவ்வளவு தொடர்பு இருக்கிறது!

அடுத்து அந்த 5 சதவீதம். அதே லான்செட் பட்டியலில் காது கேளாமைக்கு 7 சதவீதம் என்பதை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். காது மந்தமானால் மூளைக்கு ஏன் ஆபத்து? காரணங்கள் பல சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றை நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே பார்க்கலாம். எல்லோரும் பேசிச் சிரிக்கிறார்கள். தாத்தாவும் சிரிக்கிறார், ஆனால் ஒரு கணம் தாமதமாக, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டார். மூன்றாவது தடவை பேரன் "ஒன்னுமில்ல தாத்தா, விடுங்க" என்றான். அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை. சில மாதங்களில் "எனக்கு அறைக்கே கொண்டுவந்து கொடுத்துடும்மா" என்கிறார். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அந்த மனிதர் தனியாகிவிட்டார். அந்த "விடுங்க" என்ற சொல்லை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2023இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காது கேட்கும் கருவியும் அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று ஆண்டுகளில் வேறுபாடு இல்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் அறிவாற்றல் சரிவது 48 சதவீதம் குறைந்தது. கருவி மருத்துவத்தின் கொடைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கருவி திருப்பிக் கொடுத்தது எதை? எதிரே இருப்பவர் பேசுவதை!

மருத்துவத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. அல்சைமருக்கான லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. 18 மாதங்களில் நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. பல்லாண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அது நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. தொடக்க நிலையை யார் கண்டுபிடிப்பது? காலையில் கேட்ட அதே கேள்வியை அம்மா மாலையிலும் கேட்கிறாள் என்பது, காலையிலும் மாலையிலும் அவளோடு பேசுகிறவருக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை பணம் அனுப்புகிறவருக்குத் தெரியாது. தனியாக இருப்பவருக்குத் தனக்கு மறக்கிறது என்பதே மறந்துபோகலாம். ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டதைக் கவனிக்கவும், "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகவும் ஓர் ஆள் வேண்டுமே. உங்கள் மருத்துவமே எங்கள் உறவின் தோளில் ஏறித்தான் நோயாளியிடம் வந்து சேர்கிறது ஐயா!

உறவை மருந்து போல் சோதித்துப் பார்க்க முடியுமா என்று ஐயா கேட்கலாம். சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட, அதிகம் பழக ஆளில்லாத 186 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவோடு வாரம் நான்கு முறை அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் உரையாடினார்கள். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை சுமார் பத்து நிமிடத் தொலைபேசி விசாரிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்து அறிவாற்றல் சோதனை வைத்தால், உரையாடிய குழு மேலே நின்றது. ஏற்கெனவே லேசான மறதி தொடங்கியவர்களிடம்தான் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அரை மணி நேரப் பேச்சு. அதுவும் ரத்த உறவு அல்ல, பயிற்சி பெற்ற அயலார் பேசிய பேச்சு!

தனியாக வாழ்கிற எல்லோருக்கும் மறதிநோய் வரும் என்று நான் சொன்னதாக யாரும் பயந்துவிட வேண்டாம். தனி வீட்டில் இருந்துகொண்டு, நாலு நண்பர்களோடு நடைக்குப் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நிறைவாக வாழும் பெரியவர்கள் உண்டு. அவர்களும் என் கட்சிதான்.

நிறைவாக, புரதப் படிவு என்ற அந்த முதல் வாதம். ரஷ் ஆய்வாளர்களே 2006இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இருக்கிறது. 89 முதியவர்கள். மாதம் ஒருமுறையாவது சந்திக்கும் பிள்ளைகள், உறவினர், நண்பர்கள் எத்தனை பேர் என்று உயிரோடு இருக்கும்போதே கணக்கெடுத்திருந்தார்கள். இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தார்கள். படிவும் சிக்கலுமாக நோயின் அடையாளங்கள் கூடக் கூட, உறவு வட்டம் சுருங்கியவர்களின் அறிவாற்றல் வெகுவாகச் சரிந்திருந்தது. வட்டம் பெரிதாக இருந்தவர்களிடம் அதே அளவு அடையாளங்கள் இருந்தும் சரிவு குறைவாக இருந்தது.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருகிற சகோதரி இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். படிவை அகற்றும் லெக்கனமாப் போன்ற மருந்து எதுவும் சந்தைக்கே வராத அந்தக் காலத்தில், மூளை நிறைய நோயின் அடையாளங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர்கள் தெளிவோடு வாழ்ந்தார்களே, அவர்களைக் காத்தது எந்த மருத்துவம்?

நன்றி, வணக்கம்.