நம் கைதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும், செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் ரயில் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"மழைக்கு முன் வீட்டைச் செப்பனிட ஏற்றது சொந்தக் கையா, கூலிக்கு வரும் ஆளா?" இதுதான் தலைப்பு. சொந்தக் கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று காரணம் சொன்னார். நமக்குத் தொழில் தெரியாது, நேரம் கிடையாது, கூடவே ஆபத்து. மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டு ஜன்னல் கதையைக் கேளுங்கள்.

எங்களுக்கு மூன்றாவது மாடி. ஹாலில் மேற்குப் பார்த்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். மும்பையில் மழை கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு வருஷம் தொடர்ந்து தண்ணீர் உள்ளே வந்து சோபா நனைந்தது. மே மாதம் ஓர் ஆளைக் கூப்பிட்டோம். வந்தார், பத்து நிமிஷம் பார்த்தார், சட்டத்தைச் சுற்றி, இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசினார், காசு வாங்கிக்கொண்டு போனார். அந்த ஜூலையில் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் வந்தது.

அப்புறம்தான் நானே ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடி ஓடுகிற அடிப்பள்ளம் இருக்கிறதல்லவா, அதில் வெளிப்பக்கமாகச் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். பள்ளத்தில் விழுகிற மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வடிய வேண்டும். எங்கள் வீட்டுத் துளைகளில் ரோட்டுத் தூசியும் புறா இறகும் சேர்ந்து களிமண்ணாக இறுகிக் கிடந்தன. மிச்சம் இருந்த ஒன்றையும் சிலிக்கான் மூடியிருந்தது. வழியில்லாத தண்ணீர் எங்கே போகும்? பள்ளம் நிரம்பி வீட்டுக்குள்தானே வரும்!

பிளேடால் சிலிக்கானைச் சுரண்டினேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொரு துளையாகக் குடைந்தேன். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். முதலில் அசையவில்லை. பிறகு கறுப்பாக ஒரு கட்டி நகர்ந்தது, தண்ணீர் மொத்தமும் வெளியே இறங்கியது. அதற்குப் பிறகு அந்த சோபா நனைந்ததே இல்லை.

வந்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்த ஜன்னலைக் காய்ந்த மே மாதத்தில் பத்து நிமிஷம் பார்த்தவர். நான் அதோடு நான்கு மாத மழையைக் கழித்தவள். எந்தக் காற்றுக்கு எந்த மூலை முதலில் நனையும் என்பது வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டுமே தெரியும். அண்ணே, நீங்கள் சொன்ன தொழிலில் பாதி இதுதான்.

இன்னொன்று சொல்கிறேன். சுவரில் ஈரம். அது வெளியிலிருந்து ஊறுகிறதா, அல்லது வீட்டுக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறதா? ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பீரோவைச் சுவரைவிட்டு நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். அந்தக் கறை மார்ச் மாதத்திலும் காயவில்லையா? அப்படியானால் மழையை விடுங்கள், பாத்ரூம் குழாயைச் சந்தேகப்படுங்கள். இது தெரிந்தால்தான் சொசைட்டியிடமும், அதாவது நம் கட்டிடத்தின் குடியிருப்போர் சங்கத்திடமும், பேச முடியும். வெளிச்சுவர், மொட்டை மாடிக் கசிவு என்றால் சொசைட்டி பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் பாத்ரூம், சிங்க் கசிவு என்றால் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இது தெரியாமல் ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும்.

சரி, நேரம். ஊரில் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்போம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தோம். ஆனால் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் வரும் பெருமழை இங்கே வைகாசி முடியும்போதே வந்துவிடும். ஜூன் 11 மும்பைக்கு மழை தொடங்கும் வழக்கமான நாள் என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும், ஏறக்குறைய எல்லாமே நான்கு மாதத்துக்குள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மறந்தவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். சுவர் காய்ந்திருப்பது சித்திரை, வைகாசியில். அப்போதுதான் பள்ளி விடுமுறை, ஊர்க் கொடை, கல்யாணம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். திரும்பி வந்து ஜூனில் ஆளைத் தேடினால் மும்பையே அதே ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் என்கிறேன். தாராவியில் எங்கள் சித்தி வீட்டில் கூரைக்கு நீலத் தார்ப்பாய் கட்டும் வேலை மே மாதமே முடிந்துவிடும். கூப்பிட ஆளில்லை என்று அவர்கள் காத்திருந்தால் நனைவது பிள்ளைகளின் புத்தகம்.

குழாய் சொட்டுகிறதா? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. வால்வை மூடி, குழாயின் தலையை ஸ்பேனரால் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர். அது இறுகி, நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகுமா?

ஆபத்து என்ற இடத்தில் அண்ணன் சொன்னதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். மூங்கில் சாரத்தில் ஏறி வெளிச்சுவர் பூசுவது நம் வேலை இல்லை. பீமில் விரிசல் விட்டுத் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும். மின்சாரப் பலகைக்குள் கை வைக்கவே கூடாது. ஆனால் அந்தப் பலகையில் ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருந்தால் அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையா, எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்யுங்கள். அழுத்திப் பார்க்க வேண்டிய விரல் யாருடையது? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்ட எந்தக் கூலியாள் வருவார்? டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதுமே.

கூலிக்காரர் பிழைப்பு என்னாகும் என்று அக்கா கண் கலங்கக் கேட்டார். அக்கா, வாஷர் மாற்றிப் பழகிய கைதான் பிளம்பரின் கூலியில் பேரம் பேசாது. அந்த வேலையின் கஷ்டம் அதற்குத் தெரியும்.

நடுவர் அவர்களே, மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சுவர்கள் காய்ந்திருக்கின்றன. தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.