ஒரு கோப்பு, இரண்டு எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். லினக்ஸில் நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. டூப், டூப்2 என்ற இரண்டு சிஸ்டம் கால்கள், அதாவது புரோகிராம் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்புகள்.

ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்தால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, தருவது வெறும் எண்தான். ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பார்கள். 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. இந்த மூன்றும் வழக்கமாக முன்பே திறந்திருக்கும், அதனால் நாம் திறப்பது 3. அந்த 3-க்கு டூப் போட்டால், அதன் நகலாக, காலியாக உள்ளதில் மிகச் சிறிய எண் கிடைக்கும். 4 என்று வைத்துக்கொள்வோம்.

நகல் என்றதும் கோப்பே இரண்டாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். எதுவரை படித்தோம் என்கிற கணக்கு ஒன்றுதான். 3 வழியாக 100 பைட் படித்துவிட்டு 4 வழியாகப் படித்தால், 101ஆவது பைட்டிலிருந்துதான் வரும். தனிக் கணக்கு வேண்டுமா, கோப்பை இன்னொரு முறை திறக்க வேண்டியதுதான்.

டூப்2-வில் எந்த எண் வேண்டும் என்று நாமே சொல்லலாம், 1 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் ஏற்கனவே திறந்திருந்தால் அது சத்தமில்லாமல் மூடப்படும். நாமே 1-ஐ மூடிவிட்டு டூப் போட்டால் ஆகாதா? ஆகும், ஆனால் நடுவில் அதே புரோகிராமில் இணையாக ஓடும் இன்னொரு திரெட் எதையாவது திறந்து அந்த 1-ஐத் தட்டிக்கொண்டு போகலாம். டூப்2 இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடும்.

நாம் கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவதும் இதே வேலைதான். முதலில் 1-ஐக் கோப்புக்குத் திருப்பி, அப்புறம் 2-ஐ 1 போகும் இடத்துக்கு அனுப்பினால் இரண்டும் கோப்பில் விழும். வரிசையை மாற்றினால் பிழைச்செய்தி திரையிலேயே நிற்கும். 2-க்குக் கிடைத்தது அந்த நேரத்தில் 1 பார்த்துக்கொண்டிருந்த இடம். பிறகு 1 எங்கே போனாலும் 2 பின்தொடராது.

ஒருமுறை, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குப் பைப் வழியாக, அதாவது ஒரு முனையில் எழுதி மறு முனையில் படிக்கும் குழாய் வழியாக, தரவு அனுப்ப ஒரு நிரல் எழுதினேன். பைப் போட்டு, ஃபோர்க் செய்து சைல்டு புராசஸ் என்ற நகலை உருவாக்கி, அதில் படிக்கும் முனையை டூப்2-வால் 0-இல் வைத்து, எக்ஸெக் போட்டு அதைச் சார்ட்டாக மாற்றினேன். தரவெல்லாம் அனுப்பி என் பக்கத்து முனையை மூடியும் சார்ட் அசையவில்லை. ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில், ஓடும் புரோகிராம்களின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவுக்குள், சார்ட் திறந்து வைத்திருந்த எண்களைப் பார்த்தேன். பைப்பின் எழுதும் முனை சார்ட்டிடமே இருந்தது! எழுதும் முனை எங்காவது திறந்திருக்கும்வரை தரவு முடிந்ததாக ஆகாது. அதைத் தானே பிடித்துக்கொண்டு, தரவு எப்போது முடியும் என்று காத்திருக்கிறது. சைல்டு புராசஸில், எக்ஸெக்குக்கு முன்னால், பைப்பின் பழைய எண்கள் இரண்டுக்கும் க்ளோஸ் போட்டேன். ஓடிவிட்டது.