பல் டாக்டரிடம் சொல்லாமல் விடும் மாத்திரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பல் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் "வேறு எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், சர்க்கரை, பிரஷர் என்று உடனே பதில் வரும். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ மாதக்கணக்கில் சாப்பிட்டு வரும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றிப் பலர் வாயே திறப்பதில்லை. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்புதான். நிறையவே சம்பந்தம் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாட்டியதுபோல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் அட்ரீனல். எடை ஒவ்வொன்றும் 4, 5 கிராம் இருக்கும், அவ்வளவுதான். அது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் இல்லாமல் நாம் உயிரோடு இருக்க முடியாது. நான் சொன்ன ஸ்டீராய்டு மாத்திரையும் இந்தக் கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்துதான். காய்ச்சல், அடி, அறுவை என்று உடம்புக்கு ஒரு நெருக்கடி வரும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது கார்டிசால்தான். அது குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, வாயில் தெரியும்.

முதலில் குறைவதைப் பார்ப்போம். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் அடிசன் நோய் என்கிறோம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும், காசநோய் அங்கே பரவுவதாலும் இது வரும். கார்டிசால் குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி "இன்னும் சுர, இன்னும் சுர" என்று ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அட்ரீனலால் முடியாது. ஆனால் அதே ஹார்மோன் நிறமி செல்களையும் தூண்டிவிடும். அதனால் கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், உதட்டின் உள்பக்கம் எல்லாம் பழுப்பாகவோ நீலம் கலந்த கருப்பாகவோ திட்டுத் திட்டாகத் தெரியும். வலிக்காது, துடைத்தால் போகாது. சிலருக்குத் தோல் கருப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடும்.

இதைக் கேட்டதும் கண்ணாடி முன் நின்று பயப்பட வேண்டாம். நிறம் அதிகமுள்ள தோல்காரர்கள் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே ஈறு கருத்துத்தான் இருக்கும், அது இயல்பு. புகை பிடிப்பதாலும் கருக்கும். கவனிக்க வேண்டியது வேறு: முன்பு இல்லாத திட்டு புதிதாக வந்திருக்கிறதா? கூடவே தீராத அசதி, எடை குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பாக எதையாவது தின்ன வேண்டும் என்ற அடங்காத ஆசை, இவையும் உண்டா? அப்படியென்றால் தள்ளிப்போடாமல் பொது மருத்துவரைப் பாருங்கள். காலையில் ரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவைப் பார்ப்பதிலிருந்து அவர் தொடங்குவார்.

கார்டிசால் அதிகமானால் வருவது குஷிங் நோய்க்குறி. சுரப்பியிலோ பிட்யூட்டரியிலோ கட்டி வந்து இப்படி ஆவது அபூர்வம். பெரும்பாலும் நீண்ட நாள் ஸ்டீராய்டுதான் காரணம். முகம் வட்டமாக உப்பும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகும். வாய்க்குள் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். அண்ணத்திலும் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். பஞ்சுத் துணியால் துடைத்தால் உரிந்துவரும், அடியில் சிவந்து எரியும். பல்செட்டை இரவிலும் கழற்றாமல் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் வரும். அவர்கள் ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும், பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். இவ்வளவு சின்ன விஷயத்தை யாரும் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், ஸ்டீராய்டு அழற்சியை அடக்கிவிடும். ஈறுக்குள் சீழ் இருந்தாலும் வீக்கமோ சிவப்போ பெரிதாகத் தெரியாது, அதனால் வலிக்கவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. பல் எடுத்த புண் ஆறவும் நாளாகும். எலும்பும் மெலியும். எலும்பைக் காக்க அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து கொடுத்திருந்தால் அதையும் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து எடுப்பவர்களில் ஒரு சிலருக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவதுண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும் தொல்லை.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ 4 வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கே இது நேரலாம். இந்த நிலையில் ஒருவர், பல் பிடுங்கும் நாளில் "எதற்கு வம்பு" என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்தினால், நெருக்கடிக்குத் தேவையான கார்டிசால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கும் வழக்கமான மாத்திரையைக் கட்டாயம் சாப்பிடுங்கள். கூடுதல் டோஸ் வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரும் பல் மருத்துவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யட்டும். முடிந்தால் காலை நேரத்திலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

அட்ரீனலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருப்பவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அது அவர்களுக்கு ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடக்கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை, தலை கிறுகிறுக்கிறது, கடும் சோர்வு, பேச்சு குழறுகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், இன்று பல் எடுத்தோம்" என்று முதலில் சொல்லுங்கள். கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும் என்பது அங்கே இருப்பவர்களுக்கு உடனே புரியும்.

நன்றி, வணக்கம்.