தண்ணீர்ப் பாட்டிலும் இரண்டாம் வகுப்பு நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையை எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேர்க்கத் தனியார் பள்ளி தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இந்தப் பேச்சு. தாத்தா பாட்டிகளும் கேளுங்கள். வேனில் ஏற்றிவிடுவதும் இறக்கிக்கொள்வதும் பல வீடுகளில் நீங்கள்தானே.

சேர்க்கைக் காலம் வந்தால் பள்ளி வாசலில் பேனர் தொங்கும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, 490-க்கு மேல் இத்தனை பேர் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புப் படித்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அதிலும் சிலர் எட்டிலோ ஒன்பதிலோ வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்திருப்பார்கள். உங்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் பாடம் எடுக்கப்போகிறார்கள் என்று பேனர் சொல்லாது. அதை விடுங்கள். ஒரு நாள் சாயங்காலம், பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் வாசலுக்கு எதிரே நில்லுங்கள்.

வெளியே வருகிற சின்னப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலைப் பாருங்கள். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் மாலையிலும் கழுத்துவரை அப்படியே நிற்கிறதா? ஒரு பிள்ளை என்றால் மறந்துபோயிருக்கும். வரிசையாகப் பத்துப் பிள்ளைக்கும் அப்படி என்றால் கழிப்பறையில் ஏதோ கோளாறு. நாற்றமடிக்கும், தாழ்ப்பாள் எட்டாது, அல்லது நடுவில் போக மிஸ் விடமாட்டார். பிள்ளை கணக்குப் போட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும். பெண் குழந்தைகளுக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வரலாம், மலச்சிக்கலும் வரலாம். வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிற பிள்ளையை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் கழிப்பறையை முதலில் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், அப்போது எல்லாமே கழுவி மணக்கும். வேலை நாளில், சாப்பாட்டு இடைவேளை முடிந்த கையோடு போங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, சின்ன அளவுப் பீங்கான் இருக்கிறதா, எல்கேஜி பிள்ளைக்குத் துணைக்கு ஆயாம்மா இருக்கிறாரா. இவ்வளவும் பார்க்க இரண்டு நிமிஷம்.

அடுத்தது நோட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் எல்லாப் பள்ளியிலும் பளபளவென்றுதான் இருக்கும். பள்ளி எப்படி நடக்கிறது என்று சொல்வது இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு. ஆபீசில் கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நோட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது போதாது. அக்கம்பக்கத்தில் அந்தப் பள்ளியில் படிக்கிற, சாதாரணமாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகளின் நோட்டை வாங்குங்கள். ஒரே வகுப்பாக இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள்.

'என் அம்மா' என்று தலைப்பிட்டுப் பத்து வரி இருக்கும். இரண்டு நோட்டிலும் அம்மா ஒரே அம்மாவாக இருக்கிறாரா? அவர் பெயர் இன்னது, அவர் நன்றாகச் சமைப்பார், அவர் என்னை நேசிக்கிறார் என்று வரிக்கு வரி அப்படியே இருந்தால் கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நோட்டில் 'அம்மா தோசை சுட்டா நான் ஓரத்தைத் திம்பேன்' என்று கோணல்மாணலாக இருந்தால் அந்தப் பிள்ளை தானே எழுதியிருக்கிறது. மிஸ் அதைத் திருத்தியிருக்கிறாரா, சிரித்த முகம் போட்டுத் தட்டிக்கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பிறகு கணக்கு நோட்டு. கடன் வாங்கிக் கழிக்கும் பக்கத்துக்குப் போங்கள். 52-இல் 27 போனால் எவ்வளவு? பல பிள்ளைகள் 35 என்று எழுதும். காரணம் இருக்கிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிட்டு, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று என்று முடித்துவிடும். எல்லாக் கணக்கிலும் இதே மாதிரித் தவறு இருக்கும். மிஸ் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு 25 என்று எழுதி, ஐந்து தடவை எழுதி வா என்று விட்டிருந்தால் அடுத்த வாரமும் அந்த நோட்டில் 35 தான் இருக்கும், தேடிப் பாருங்கள். இன்னொரு பள்ளியில் ஐந்து பத்துக்கட்டுக் குச்சியும் இரண்டு ஒற்றைக் குச்சியும் படம் போட்டு, ஒரு கட்டைப் பிரித்து ஒற்றையோடு சேர்த்து, பன்னிரண்டிலிருந்து ஏழை எடுத்திருப்பார்கள். குச்சியோ புளியங்கொட்டையோ, பிள்ளை கையால் தொட்டு எடுத்தால் இது பிடிபடும். இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டியதில்லை. நேரம் வேண்டும், வகுப்பில் கூட்டம் குறைவாக இருக்க வேண்டும்.

தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. 'எங்களிடம் இருபதுக்கு ஒருவர்' என்பார்கள். பி.டி. மாஸ்டர், டான்ஸ் மிஸ் எல்லாரையும் சேர்த்து வகுத்தால் அப்படித்தான் வரும். கதவோரம் நின்று பெஞ்சை எண்ணுங்கள், ஒரு பெஞ்சில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பு மிஸ் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். வருஷா வருஷம் மிஸ் மாறினால் அங்கே சம்பளம் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுப்பாடம் என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் அந்த நோட்டே சொல்லிவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ. பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

சரி, பெயர்ப் பலகைக்கு வருவோம். மெட்ரிக் என்றால் பாடத்திட்டம் வேறு என்று இன்னமும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2010-இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கல்வி வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக்குக்கும் அதுவே. 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று பலகை வைத்திருந்தால் பேட்டர்ன் என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். இணைப்புப் பெற்ற பள்ளிக்கு ஏழு இலக்க எண் இருக்கும், தமிழ்நாட்டில் 19 என்று தொடங்கும். சிபிஎஸ்இ இணையதளத்தில் தட்டினால் பள்ளியின் பெயர் வரவேண்டும். எந்தப் பள்ளியானாலும் யுடைஸ் எண் என்று அரசு தரும் பதினோரு இலக்க அடையாள எண் உண்டு, நம் மாநிலத்துக்கு 33-இல் தொடங்கும். அங்கீகார ஆணையில் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நர்சரி பிரைமரிப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு மறுபடி அலைச்சல் உண்டு என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று கேட்பது சும்மா சம்பிரதாயம் இல்லை. காகிதம் காட்டவில்லை என்றாலும் கண் இருக்கிறதே. மாடிக்கு இரண்டு படிக்கட்டு உண்டா, இரண்டாவது பூட்டிக் கிடக்கிறதா, வகுப்பு நேரத்தில் கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறார்களா? வேனுக்கும் இப்படித்தான். 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஆறு வயதுச் சிறுமி இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துக்குத் தனி விதிகள் வந்தன. மஞ்சள் நிறம் மட்டும் போதாது. உள்ளே ஏறித் தரையை மிதித்துப் பாருங்கள், அவசரக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், உதவியாளர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. பணத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு வகுப்புவாரியாக விதித்த தொகை என்ன என்று ஆணையைக் கேளுங்கள். அதோடு வேன், புத்தகம், சீருடை, ஷூ, அபாகஸ், ஆண்டு விழா எல்லாம் கூட்டி ஒரு வருஷத் தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். டொனேஷனும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி குற்றம்.

கடைசியாக, அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்றத் தனியார் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் கால் பங்கு இடம் நலிந்த பிரிவினருக்கு. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழி. வருமானச் சான்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் இன்றே பதிந்துவையுங்கள். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வணக்கம்.