தாயைக் கண்ட நாளின் குறிப்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் சி.எம்.எஸ். என்றால் தெரியாதவர் அரிது. 1799இல் லண்டனில் தொடங்கிய அந்த ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் ஆப்பிரிக்காவிலும் ஊழியம் செய்தது. ஊழியர்கள் நாட்குறிப்பெழுதித் தலைமையகத்துக்கு அனுப்பிவந்தார்கள்; அந்தத் தாள்கள் இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. வெள்ளையர் தம் பெருமையைத் தாமே எழுதிவைத்த ஏடுகள் என்று அவற்றை ஒதுக்குவோர் உண்டு. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, நைஜர் ஆற்றுப் பகுதிகளிலிருந்து போன குறிப்புகளில் பல ஆப்பிரிக்கர்களே எழுதியவை.

அவர்களில் தலையாயவர் சாமுவேல் அஜாயி குரௌதர். 1821இல் ஒரு காலைவேளையில், உணவு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஓசோகுன் என்ற அவருடைய ஊரைப் பகைவர் வளைத்துக்கொண்டனர். பிடிபட்ட சிறுவன் பல கைகள் மாறி விற்கப்பட்டுக் கடைசியில் போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822இல் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மடக்கி, அவனைச் சியரா லியோனில் கரையிறக்கியது. இதையெல்லாம் 1837இல் சங்கத்துக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார்.

1843இல் குருப்பட்டம் பெற்று, 1846இல் யொருபா நகரான அபேயோகுட்டாவுக்கு ஊழியராகத் திரும்பி வந்தவரைத் தேடிக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயே வந்து நின்றார். அன்றைய குறிப்பு, ‘திக்கற்ற பிள்ளைகளுக்குச் சகாயர் நீரே’ என்ற அந்நாளுக்குரிய சங்கீத வசனத்தோடு தொடங்குகிறது. தாய் நடுங்கினார், தம் கண்களையே அவரால் நம்ப முடியவில்லை, இருவரும் பேச்சின்றி ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, மெலிந்த கன்னங்களில் கண்ணீர் உருண்டது. பிறகு, பாட்டி அவரைச் சிறுவயதில் அழைத்த செல்லப் பெயர்களைச் சொல்லித் தாய் அழைத்தாராம். அந்தப் பாட்டி அடிமையாகவே இறந்துபோனார் என்பதையும் அவர் அங்கேயே எழுதிவிடுகிறார். ஊழியக் கணக்குக் கேட்ட லண்டன் குழுவுக்குப் போன தாளில் இது இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1864இல் குரௌதர் கேன்டர்பரியில் பேராயராக அபிஷேகம் பெற்றார்; ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. ஆயினும் முதுமையில், நைஜர் பகுதிக்குப் புதிதாக வந்த இளம் ஆங்கிலேய மிஷனரிகள் அவருடைய ஆப்பிரிக்க உடனூழியர்கள்மீது கடுமையான குற்றச்சாட்டுகளைச் சுமத்தினர். 1890இல் நடந்த நைஜர் ஊழிய நிதிக் குழுக் கூட்டத்தில் மனம் நொந்து அவர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். மறு ஆண்டின் கடைசி நாளில் காலமானார். அவருடைய இடத்துக்கு ஓர் ஆங்கிலேயரே நியமிக்கப்பட்டார்.

குற்றம் சுமத்தியவர்கள் லண்டனுக்கு எழுதியவற்றையும் சங்கம் பாதுகாத்திருக்கிறது. தாயைக் கண்ட நாளின் குறிப்பும் அந்தக் கடிதங்களும் இன்று ஒரே காப்பகத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து எவரும் படிக்கலாம்.