பின்வரிசையிலிருந்து எழுந்த அணி

பெரியோர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி அடிமட்டத்துக்குப் போய்விட்டால், "கோல் அடிக்க யாரைக் கொண்டுவரப் போகிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்று நான் பேச வந்திருப்பது மறுபக்கத்தைப் பற்றி: கோல் அடிக்கும் இடத்திலிருந்து 150 அடி தள்ளி, சொந்தக் கோலுக்குப் பின்னால் மூலையில் கிடக்கும் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எடுக்கத் திரும்பி ஓடுகிற இளம் தடுப்பாட்டக்காரரைப் பற்றி. அவரை நம்பி ஓர் அணியைக் கட்டி எழுப்ப முடியும். கொலராடோ அவலாஞ்ச் அதைச் செய்து காட்டியது. கையில் அதைவிட நல்ல சீட்டுகள் இருந்தும் பஃபலோ சேபர்ஸ் நெடுங்காலம் தவித்தது. இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கொலராடோ விழுந்த பள்ளத்தின் ஆழத்தைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொடரான என்ஹெச்எல்லில் அப்போது ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி. 2016-17 சீசனில் கொலராடோ 22 ஆட்டங்களில் வென்றது, 56 ஆட்டங்களில் தோற்றது, 4 ஆட்டங்களைக் கூடுதல் நேரத்தில் கோட்டைவிட்டது. மொத்தம் 48 புள்ளி. அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள இடைவெளி நூறைத் தாண்டியது. சீசன் தொடங்க இரண்டு மாதமே இருக்கையில் பயிற்சியாளர் பாட்ரிக் ருவா பதவி விலகியிருந்தார்; அவசரமாக வந்து சேர்ந்தவர் ஜாரெட் பெட்னர்.

கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், யார் முதலில் தேர்வது என்று குலுக்கும் லாட்டரியில்தான் ஆறுதல். கொலராடோவுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. முதலிடம் நியூஜெர்சிக்கும், இரண்டாமிடம் பிலடெல்பியாவுக்கும், மூன்றாமிடம் டல்லஸுக்கும் போயின. கொலராடோ நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த நான்காம் இடத்தில் எடுத்த பையன்தான் கேல் மகார். ஆல்பர்ட்டா மாகாணத்தில் இரண்டாம்நிலை ஜூனியர் தொடரில், புரூக்ஸ் என்ற சிற்றூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர்.

எடுத்த கையோடு அவரைக் களத்தில் இறக்கவில்லை. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், இரண்டு ஆண்டுகள் அங்கே ஆடினார். 48 புள்ளி எடுத்து அவமானப்பட்ட நிர்வாகம் இரண்டு ஆண்டு காத்திருந்தது என்பதைக் கவனியுங்கள். கல்லூரித் தொடரில் ஆட்டங்கள் குறைவு, பெரும்பாலும் வார இறுதியில்தான். நடுவில் கிடைக்கும் நாட்களில் உடலை ஏற்றலாம், சறுக்கலைத் திருத்தலாம். 2019 ஏப்ரலில் கல்லூரி இறுதியாட்டத்தில் தோற்ற இரண்டே நாளில் கொலராடோவின் பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) ஆட்டத்தில் இறங்கினார்; அதே ஆட்டத்தில் முதல் கோலும் அடித்தார். ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பத்து பிளேஆஃப் ஆட்டங்களுக்காக அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கரைந்தது. அதன் விலைக்குப் பிறகு வருகிறேன்.

தடுப்பாட்டக்காரர் மெதுவாகத்தான் விளைவார் என்பது ஹாக்கியில் பழைய பேச்சு. அதற்குத் தக்க காரணம் உண்டு. முன்கள வீரர் தவறு செய்தால் அவருக்குப் பின்னால் மூன்று, நான்கு பேர் இருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் தவறினால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். 2010, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் சிகாகோ என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் முதுகெலும்பாக இருந்த டங்கன் கீத், 2002 டிராஃப்டில் 54ஆம் ஆளாக வந்தவர். என்ஹெச்எல்லுக்கு வருமுன் இரண்டு சீசன் நார்ஃபோக்கில் கீழ்நிலைத் தொடரில் ஆடினார். விக்டர் ஹெட்மேன் 2009இல் இரண்டாம் ஆளாக எடுக்கப்பட்டவர். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது 2018இல்தான் கைக்கு வந்தது.

இனி வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஓர் ஆட்டத்துக்கு ஆறு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று இணைகள். அறுபது நிமிடத்தை ஏறத்தாழ 25, 20, 15 என்று பகிர்வார்கள். ஒரு முறை இறங்கினால் 45 விநாடி, பிறகு பெஞ்ச். எதிரணி பக்கை நம் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆள் முதுகைக் காட்டித் திரும்பி ஓடவேண்டும். பக்கைத் தொடுமுன் இரண்டு முறையாவது தோளுக்கு மேல் பார்க்கவேண்டும்: துரத்துபவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று. அதற்குமேல் அவருக்குக் கண் இல்லை. மீதியை இணையாளின் குரல்தான் சொல்லவேண்டும். "வீல்" என்றால் பக்கோடு கோலைச் சுற்றிக்கொண்டு போ. "ரிவர்ஸ்" என்றால் வந்த வழியே பின்னால் தட்டிவிடு, நான் அங்கே இருக்கிறேன். "ஓவர்" என்றால் கோலுக்குப் பின்னாலேயே மறுபக்கம் அனுப்பு. "அப்" என்றால் சுவரோரம் நிற்கும் விங்கருக்கு, அதாவது ஓர முன்கள வீரருக்கு, உடனே கொடு. இந்த ஒற்றைச் சொல் அரை விநாடி தாமதமானால் பக் துரத்துபவர் கையில். தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்குப் பழி பக்கை விட்டவர்மேல்தான் விழும். பேசாமல் நின்ற இணையாள் படத்திலேயே இருக்கமாட்டார்.

அதனால்தான் மகாருக்கு இணையாகக் கொலராடோ யாரைப் பிடித்தது என்பதை மகாரை எடுத்ததற்கு நிகரான முடிவாக நான் கருதுகிறேன். 2020 அக்டோபரில் நியூயார்க் ஐலண்டர்ஸ், ஓர் அணி மொத்தமாகத் தரக்கூடிய சம்பளத்துக்கான உச்சவரம்பில் சிக்கித் திணறியது. அங்கே டெவன் டேவ்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்குப் புது ஒப்பந்தம் கொடுக்க இடமில்லை. கொலராடோ இரண்டு இரண்டாம்சுற்று டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து அவரை வாங்கியது. ஆண்டுக்கு 41 லட்சம் டாலருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். இடது ஷாட்காரர் (ஸ்டிக்கின் பிளேடை உடலின் இடப்பக்கம் வைத்து ஆடுபவர்), நிதானமானவர், எந்தப் பக்கமும் சறுக்கக்கூடியவர். வலது ஷாட்காரரான மகார் பக்கோடு மேலே பாயும்போது டேவ்ஸ் பின்னால் தங்கிவிடுவார். 2022 பிளேஆஃபில் மகார் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 27 நிமிடம் ஆடி, 20 ஆட்டங்களில் 29 புள்ளி (வீரரின் புள்ளி என்றால் அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்தது) சேர்த்தார் என்றால், அதில் டேவ்ஸின் பங்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுதாகத் தெரியாது.

இடத்தை ஒழித்துக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. 2019 ஜூலை 1 அன்று, அதுவரை பவர் பிளேயை (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்து ஆட்டத்தை) நடத்திவந்த டைசன் பாரியை டொராண்டோவுக்கு அனுப்பி, பதிலுக்குச் சென்டரான (நடு முன்கள வீரர்) நசீம் காத்ரியை வாங்கினார்கள். பாரி சம்பளத்தில் பாதியைக் கொலராடோவே ஏற்றுக்கொண்டது. வலது ஷாட்காரர் ஒருவர் போனார், அந்த இடத்தில் மகார் முதல் சீசனிலேயே பவர் பிளேயின் உச்சியில் நின்றார். 57 ஆட்டங்களில் 50 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. காத்ரியோ 2022 இறுதித்தொடரின் நான்காம் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் வென்று கொடுத்தார்.

அதற்கும் முன்னால், 2017 நவம்பரில் முன்கள வீரர் மாட் டுஷேன் விற்பனை. அவர் போகவேண்டும் என்று மாதக்கணக்கில் பேச்சு நடந்தது; பொதுமேலாளர் ஜோ சாக்கிக் அசையவில்லை. கடைசியில் ஒட்டாவா, நாஷ்வில் இரண்டையும் சேர்த்து மும்முனை வர்த்தகம் முடிந்தது. வந்தவர்களில் 19 வயது சாமுவேல் ஜிரார்ட் ஒருவர். ஒட்டாவாவின் முதல்சுற்றுத் தேர்வும் வந்தது. அது 2019இல் மறுபடி நான்காம் இடமாகி, போவன் பைரம் என்ற இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஆனது. விற்க மனமில்லாதவனுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும் என்பதைச் சாக்கிக்கின் அந்தப் பொறுமையில் பார்க்கலாம்.

இப்போது பஃபலோ. 2018இல் முதல் ஆளாக ராஸ்மஸ் டாலின், 2021இல் முதல் ஆளாக ஓவன் பவர். கொலராடோவுக்கு ஒருநாளும் கிடைக்காத இடங்கள். ஆனாலும் 2011க்குப் பிறகு 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃப் பார்க்கவில்லை. என்ஹெச்எல் வரலாற்றிலேயே மிக நீண்ட வறட்சி அது.

டாலின் 18 வயதில் நேராகக் களத்துக்கு வந்தார். முதல் சீசனில் 44 புள்ளி. திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 2024க்குள் ஹௌஸ்லி, க்ரூகர், கிரனாட்டோ, ரஃப் என்று நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் எதிரணியை எப்படி நிறுத்துவது என்பதில் வேறு கணக்கு. 2020-21இல் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் வெல்லவில்லை. டாலின் களத்தில் இருந்தபோது அணி அடித்த, வாங்கிய கோல்களின் வித்தியாசமான பிளஸ்-மைனஸ் கணக்கு மைனஸ் 36. இரண்டு சீசன் கழித்து, 2022-23இல், அதே மனிதர் 73 புள்ளி எடுத்தார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இளம் தடுப்பாட்டக்காரர்கள் பலர் பாழாவது இங்கேதான். எதிரணி வீரர் பக்கோடு வரும்போது அவருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் இடையே ஒன்று, ஒன்றரை ஸ்டிக் நீளம் இடைவெளி இருக்கவேண்டும். அப்படி இருந்தால் நீலக்கோட்டிலேயே எதிர்த்து நிற்கலாம். ஆனால் நம் முன்கள வீரர்கள் வேகமாகத் திரும்பி வந்து பின்னாலிருந்து நெருக்கினால்தான் அந்தத் துணிச்சல் வரும். அவர்கள் வரவில்லை என்றால், ஒரு தவறு கோல் ஆகிவிடும் என்ற பயத்தில் இளையவர் பின்வாங்குவார். இடைவெளி இருபது அடியாகும். எதிரணி தடையில்லாமல் உள்ளே வரும். காணொளியில் தடுப்பாட்டக்காரர் தூங்கியதுபோலத் தெரியும். கோளாறு முந்தைய மூன்று விநாடியில், எதிர்முனையில் நின்றுவிட்ட விங்கரிடம் இருக்கும். வீரரைத் திட்டுமுன் பயிற்சியாளர் அந்த மூன்று விநாடியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஆட்டத்தின் மூன்று பீரியடுகளில் இரண்டாவதையும் தனியாகக் கவனிக்கவேண்டும். அணிகள் பக்கம் மாறுவதால் தற்காப்புப் பகுதியிலிருந்து சொந்த பெஞ்ச் தூரமாகிவிடும். களைத்த இணை மாற முடியாமல் ஒன்றரை நிமிடம் சிக்கிக்கொள்ளும். இளைய இணையை அப்போது சொந்தப் பகுதி ஃபேஸ்ஆஃபுக்கு (பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குதல்) அனுப்பாமல் இருப்பது நல்லது. உள்ளூர் ஆட்டத்தில் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை இருப்பதால் இது எளிது. வெளியூரில் மிகவும் சிரமம்.

பஃபலோவின் இன்னொரு சிக்கல் கை. டாலின் இடது ஷாட், பவர் இடது ஷாட், மத்தியாஸ் சாமுவேல்சன் இடது ஷாட். நல்ல ஆட்கள் எல்லாம் ஒரே கை என்றால், இணையில் ஒருவர் வலப்பக்கம் ஆடியாகவேண்டும். அங்கே சுவர் அவருக்கு வலதுபுறம். ஸ்டிக்கின் பிளேடோ இடதுபுறம். சுவரோரம் உருண்டு வரும் பக்கைப் பின்கையால்தான் நிறுத்தமுடியும்; விங்கருக்குச் சுவரோரம் தரும் பாஸும் பின்கைதான். எதிரணியின் நீலக்கோட்டில் ஓர் அங்குலம் தவறினால் பக் வெளியே போய்விடும், எதிர்த்தாக்குதல் தொடங்கும். முதல்முறை அடிக்கும் ஷாட்டுக்கு மட்டும் அந்தப் பக்கம் வசதி. டாலின் போன்றவர் இதைச் சமாளிப்பார். இருபது வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

பணக் கணக்கு. மகாரின் தொடக்க ஒப்பந்தம் 2021இல் முடிந்தது. புது ஒப்பந்தம் ஆறு ஆண்டு, ஆண்டுக்கு 90 லட்சம் டாலர். அந்தப் பத்து ஆட்டங்களுக்காக ஓர் ஆண்டு கரையாமல் இருந்திருந்தால், கோப்பை சீசனான 2021-22இலும் அவர் மலிவுச் சம்பளத்தில் ஆடியிருப்பார். ஆனால் அணியின் நட்சத்திர முன்கள வீரர் நேதன் மெக்கின்னன் அப்போது 63 லட்சத்துக்குத்தான் ஆடினார். ஜிரார்டை 2019இலேயே ஆண்டுக்கு 50 லட்சம் என்று ஏழு ஆண்டுக்குக் கட்டிப்போட்டிருந்தார்கள். டேவ்ஸ் 41 லட்சம். 8 கோடியே 15 லட்சம் டாலர் உச்சவரம்புக்குள் எல்லாம் அடங்கியது. மீதம் கிடைத்த இடத்தில் 2022 மார்ச்சில் வலது ஷாட்காரர் ஜாஷ் மேன்சனை அனஹைமிலிருந்து வாங்கினார்கள். செயின்ட் லூயிஸுக்கு எதிரான தொடரில் ஜிரார்டின் மார்பெலும்பு முறிந்தபோது இறக்குவதற்கு அனுபவசாலி ஜாக் ஜான்சன் காத்திருந்தார். ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்பதைச் சீசன் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும். மே மாதத்தில் கேட்டால் தாமதம். அந்த ஜூன் 26 அன்று டாம்பாவில் 2-1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். நாரிஸ் விருதும், பிளேஆஃப் சிறந்த வீரர் விருதும் மகாருக்கு.

கடைசியாக, எப்போது விற்பது. கோப்பை முடிந்ததும் காத்ரி கால்கரிக்குப் போய்விட, இரண்டாம் சென்டர் இடம் காலியானது. கொலராடோவிடம் முக்கிய இடது ஷாட் தடுப்பாட்டக்காரர்கள் மூவர்: டேவ்ஸ், ஜிரார்ட், பைரம். 2024 மார்ச்சில் பைரமைப் பஃபலோவுக்குக் கொடுத்துக் கேசி மிட்டல்ஸ்டாட் என்ற சென்டரை வாங்கினார்கள். மிகுதியாக இருந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்குவது கொலராடோவின் கணக்கு. பஃபலோ வாங்கியதோ நான்காவது இடது கை. 2025 ஜூனில்தான் முன்கள வீரர் ஜே.ஜே. பெட்டெர்காவை யூட்டாவுக்கு அனுப்பி, ஜாஷ் டோனோடு வலது ஷாட் தடுப்பாட்டக்காரர் மைக்கேல் கெசல்ரிங்கைக் கொண்டுவந்தார்கள். டாலின் களத்துக்கு வந்து அப்போது ஏழு சீசன் முடிந்திருந்தது.

நன்றி, வணக்கம்.